ஐந்து வரி மேட்டர்

ஜனவரி 9

தம்பி, எப்படிடா இருக்கே? கண் எரிச்சல் குறைஞ்சுதா? ஈய எழுத்தைத் தொட்டுத் தொட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துப் போச்சுன்னு எழுதியிருந்தியே, சோப்புக்குப் போகுதா? இங்க நாங்க சுகம்னுதான் ஆரம்பிக்கணும். ஆரம்பிச்சாச்சு.

எனக்குத்தான் எழுத்து வராதே, நம்ம தையல்காரர்தான் எழுதறார். நான் சொல்லச் சொல்ல எழுதுவார், நடுவுல அளவு குடுக்க ஆள் வந்தா நிறுத்திடுவார். போன மாசம் ஒருத்தர் மாமனாருக்கு லெட்டர் எழுதும்போது, வந்த ஆளோட இடுப்பளவு முப்பத்தாறுன்னு அதிலேயே எழுதி அனுப்பிட்டார். மாமனார், "என் இடுப்பைப் பத்தி இவனுக்கு என்ன கவலை"ன்னு ஆறு பக்கம் பதில் போட்டாராம். சரி, அது கிடக்கட்டும்.

நம்ம பொண்ணு கடுகு வீட்டை விட்டுப் போய் இன்னையோட பதினோரு நாள் ஆச்சு.

பஸ் ஏறினதைப் பாத்தவங்க இருக்காங்க. எந்தப் பஸ்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க. ரெண்டு செட் துணியும் ஒரு பையும்தான் எடுத்துட்டுப் போயிருக்கா. இருபத்திமூணு வயசுப் பொண்ணு, கூட யாரும் போகல, அது மட்டும் நிச்சயம். உன் அண்ணி என்கிட்ட பேசறதையே விட்டுட்டா.

உன் பத்திரிகை எல்லா ஊருக்கும் போகுதுன்னு சொல்வியே. அதுல போடு. இப்படிப் போடு: அவ பொறந்த அன்னைக்குப் பெரிய மழை, ஈரத்துல கதவு உப்பி அடைச்சுக்கிச்சு, பிரசவம் பாக்க வந்த அம்மா ஜன்னல் வழியாத்தான் உள்ள வந்தா, வந்தவ "குழந்தை கடுகாட்டம் இருக்கே"ன்னா, அதுதான் பேரா நின்னுச்சு. அதுலருந்து ஆரம்பிச்சு, அவ மூணு வயசுல கிணத்தை எட்டிப் பாத்தது, ஏழு வயசுல என்னோட செருப்பைப் போட்டுட்டு நான் வேலை பாக்கற எடைக் கொட்டகைக்கு வந்தது எல்லாம் வரணும். அப்பத்தான் படிச்சா அவளுக்கு மனசு இளகும். ஒரு எழுத்துக் குறைக்காதே.

சொன்னது உன் அண்ணன். எழுதினது தையல்காரர்.


ஜனவரி 17

அன்புள்ள அண்ணா, அண்ணிக்கு வணக்கம். என் கண்ணும் விரலும் பரவாயில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று நான் சாப்பிடவில்லை என்பதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. அண்ணி சாப்பிடுகிறார்களா? அதை எழுதுங்கள்.

நீங்கள் சொன்னதை அச்சில் கோத்தால் முக்கால் பக்கம் வரும். ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோனேன். தலைநிமிராமலே, "மேட்டர் ஜாஸ்தி, அஞ்சு வரியா கொண்டா" என்றார்.

எங்கள் இடத்தில் இந்த மேட்டர் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டே நாள் முழுக்க ஓட்டிவிடலாம். நிருபர் எழுதிக்கொண்டு வரும் தாள் மேட்டர். அதை நாங்கள் ஈய எழுத்தில் கோத்து நூல் கட்டி வைத்தால் அதுவும் மேட்டர்தான். "மேட்டர் இருக்கா?" என்று ஒருவர் கேட்டால் சேதி இருக்கிறதா என்று பொருள். "அதுல மேட்டரே இல்லப்பா" என்றால் எட்டுப் பக்கம் எழுதியும் உள்ளே ஒன்றுமில்லை என்று பொருள். ஃபோர்மேன் வாசலில் நின்று "மேட்டர்!" என்று கத்தினால் யாரோ தாமதம் செய்கிறார்கள். யாரென்று கேட்க வேண்டியதில்லை, அவரவருக்குத் தெரியும்.

ஐந்து வரியாக்கினேன். மன்னியுங்கள்.

*கடுகு!*
*யாரும் எதுவும் கேட்கமாட்டோம்.*
*அம்மாவுக்கு உடல்நிலை சரியில்லை.*
*உடனே வீடு திரும்பவும்.*
*— அப்பா*

அண்ணிக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இந்த மாதிரி அறிவிப்புகளில் அப்படித்தான் போடுவது வழக்கம். நேற்று மாலைப் பதிப்பில் வந்துவிட்டது. உங்கள் ஊருக்குத்தான் பத்திரிகை வருவதில்லையே, அதனால் ஒரு பிரதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். அவள் ஏன் போனாள் என்று நீங்கள் எழுதவில்லையே?

அன்புடன், தம்பி.


பிப்ரவரி 20

தம்பி, சுகமா இருக்கியா? சாப்பிடாம கிடக்காதே, உன் உடம்புல மிச்சம் பிடிக்க ஒண்ணும் கிடையாது. அண்ணி சாப்பிடறா. தட்டைப் பாத்துச் சாப்பிடறா, என்னைப் பாக்கறதில்ல.

பத்திரிகை வந்துச்சு. தையல்காரர் நாலு தடவை படிச்சுக் காட்டினார். நல்லாத்தான் இருக்கு. ஆனா மழை இல்ல, ஜன்னல் இல்ல, செருப்பு இல்ல. பிள்ளைக்கு மொட்டை போட்டு அனுப்பின மாதிரி இருக்குடா. கோவிச்சுக்காதே. நீ போட்டதே பெரிசு, அதுக்கு நான் எப்படி நன்றி சொல்லறதுன்னே தெரியல. அண்ணன் தம்பிக்கு நன்றி சொல்லக் கூடாதுன்னு தையல்காரர் சொல்றார். அவருக்குத் தம்பி கிடையாது.

அந்த மேட்டர் விஷயத்தைக் கொட்டகையில சொன்னேன். மூட்டை தூக்கறவங்க ரெண்டு நாள் எதுக்கெடுத்தாலும் மேட்டர் மேட்டர்னு சிரிச்சாங்க. மொதலாளி மிரண்டு போய் எனக்குப் பின்னாடி என்னமோ பேசறீங்கன்னு சண்டைக்கு வந்துட்டார். அப்புறம் அவரும் சொல்ல ஆரம்பிச்சுட்டார்.

கடுகுகிட்டருந்து ஒண்ணும் வரல. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. பத்திரிகையைப் பாத்திருக்க மாட்டாளோ? அன்னைக்கு ஒருநாள் வாங்காம விட்டிருந்தா?

அந்தக் கோத்த எழுத்தெல்லாம் அச்சான பிறகு என்ன ஆகும்? சும்மா கேக்கறேன்.

உன் அண்ணன்.

(தையல்காரன் எழுதுவது: அவள் ஏன் போனாள் என்று நீங்கள் கேட்டதை நான் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். உங்கள் அண்ணன் பட்டனை எண்ணிக்கொண்டிருந்தார்.)


மார்ச் 11

அன்புள்ள அண்ணா, அண்ணிக்கு வணக்கம். தையல்காரருக்கும் வணக்கம் சொல்லுங்கள். நான் நலம். நான் வேலை பார்க்கும் ஹாலில் ஒரு ஜன்னலை அகலப்படுத்தியிருக்கிறார்கள், வெளிச்சம் நன்றாக வருகிறது.

அச்சான பிறகு அதைச் செத்த மேட்டர் என்போம். நூலை அவிழ்த்து, ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்து, அதனதன் அறையில் போட்டுவிட வேண்டும். நேற்று அமைச்சர் பெயரில் இருந்த "மா" இன்று மாட்டுச் சந்தையில் போய் நிற்கும். வேலைக்குப் புதிதாகச் சேர்பவர்களுக்கு முதலில் கொடுப்பது இந்தப் பிரித்துப் போடுகிற வேலையைத்தான்.

ஆனால் சிலவற்றைப் பிரிக்கமாட்டோம். "தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள்", "அடுத்த வாரத் தொடரைக் காணத் தவறாதீர்கள்" மாதிரி. நூல் கட்டி ஓர் ஓரத் தட்டில் வைத்திருப்போம். பக்கம் கட்டும்போது ஏதாவது ஒரு பத்தியின் அடியில் இரண்டு விரல் அகலம் காலியாக நின்றுவிடும். அச்சு ஏற இன்னும் பத்து நிமிடம்தான் இருக்கும், புதிதாகக் கோக்க நேரம் கிடையாது. அப்போது அந்தத் தட்டில் கைவைத்து, அளவுக்குச் சரியாக இருப்பதை எடுத்துச் செருகிவிடுவோம். அதற்கு நிற்கிற மேட்டர் என்று பெயர். எதைச் செருகுவது என்பது பக்கம் கட்டுகிறவன் பாடு. நான் பக்கம் கட்டுகிறவன்.

அதற்குப் பிறகு ப்ரூஃப் பார்க்கிற அம்மா இருக்கிறார்கள். பெரிய கண்ணாடி போட்டவர்கள், கோபக்காரி. அவர்கள் கண்ணுக்குத் தப்பி ஒரு புள்ளிகூட வெளியே போக முடியாது. ஃபோர்மேனே அவர்கள் மேசையைச் சுற்றிக்கொண்டுதான் போவார்.

கேட்டீர்களே என்று எழுதினேன். வேறு விசேஷம் இல்லை. நம்பிக்கையோடு இருங்கள்.

அன்புடன், தம்பி.


ஏப்ரல் 14

தம்பி, நல்லா இருக்கியா? எங்களுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல. ஒரு விஷயம் நடந்துச்சு, அவசரமா எழுதச் சொன்னேன், தையல்காரர் ஒரு பேன்ட்டை அரைக் காலோட விட்டுட்டு எழுதறார்.

நேத்து உன் அண்ணி கடையில உப்பு வாங்கினா. உனக்குத்தான் தெரியுமே, கடைக்காரர் பழைய பேப்பரை மொத்தமா வாங்கி வெச்சு அதுலதான் பொட்டலம் கட்டறார். அவர் பொட்டலம் கட்டறதே ஒரு அழகு, ஒரு கையால காகிதத்தைச் சுத்துவார், மத்த கை ஈ விரட்டும், வாய் பாட்டுக்கு ஊர் வம்பு பேசும். அந்தப் பொட்டலத்தை இங்க தையல்காரர் மேசை மேல வெச்சிருந்தோம். அவர் கண்ணு அதுல போச்சு. "அண்ணே, இது நம்ம மேட்டர்!"னு கத்தினார்.

நம்ம மேட்டர்தான்டா. அதே அஞ்சு வரி. சந்தை விலை போட்டிருக்கற பத்திக்கு அடியில. உளுந்து, மிளகு, கடுகுன்னு வரிசையா விலை போட்டு, அதுக்குக் கீழ மறுபடியும் "கடுகு!"ன்னு இருக்கு. விலை ஏறிப் போச்சுன்னு கத்தறாங்கன்னு நினைச்சிருப்பாங்க ஜனங்க.

ஆனா தேதி மார்ச் இருபது. நீ ஜனவரியில ஒரு தடவைதானே போட்டே?

தையல்காரர் மொத்தத்தையும் சத்தமாப் படிச்சார். உன் அண்ணி அதுவரைக்கும் அந்த அஞ்சு வரியைக் கேட்டதே இல்ல, நான் படிச்சுக் காட்டச் சொல்லல. கேட்டுட்டு மூணு மாசத்துல மொத தடவையா என்கிட்ட வாயைத் திறந்தா.

"எனக்கு என்ன உடம்பு? கல்லாட்டம் இருக்கேன். எனக்கு நோவுன்னு எழுதினா அவ நம்பிடுவாளா? அவ எதுக்குப் போனாளோ அதை எழுதினீங்களா?"

உப்பை எடுத்துட்டுப் போயிட்டா. கீழ கொட்டிக்கிட்டே போனா.

அது என்னன்னு அப்புறம் சொல்றேன்.

உன் அண்ணன்.


ஏப்ரல் 25

அன்புள்ள அண்ணா, அனைவரும் நலம் என்று நம்புகிறேன்.

மார்ச் இருபது பற்றி: பழைய மேட்டர் எங்காவது கிடந்து தவறிப் போய் ஏறியிருக்கும். இங்கே அப்படி ஆவதுண்டு. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அண்ணி சொன்னது சரி. எங்கள் பத்திரிகையை வைத்துப் பார்த்தால் இந்த நாட்டில் வீட்டைவிட்டுப் போன எல்லாருடைய அம்மாவும் படுத்த படுக்கையாகத்தான் இருக்கிறார்கள். என்னிடம் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டாம், அண்ணா. ஆனால் அவள் படிக்கப்போகிற வரிகளில் அது இல்லை என்றால் அதில் மேட்டரே இல்லை.

இன்னொன்று. ப்ரூஃப் பார்க்கிற அம்மா ஓரத்தில் தவறுகளை மட்டும்தான் குறிப்பார்கள். ஒற்று விட்டது, எழுத்து தலைகீழ், இப்படி. இருபது வருஷமாக அதைத் தவிர ஒரு வார்த்தை அவர்கள் எழுதி நான் பார்த்ததில்லை. சென்ற வாரம் நம் ஐந்து வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் சின்னதாக எழுதியிருந்தார்கள்: "வந்துட்டாளா?"

"இன்னும் இல்லை" என்று கீழே எழுதித் திருப்பிக் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அடுத்த பக்கத்தை எடுத்துக்கொண்டார்கள்.

அன்புடன், தம்பி.


ஜூன் 8

தம்பி, சுகம்தானே. ஒரு மாசத்துக்கு மேல பதில் போடல, தப்புதான்.

கதை சொல்லறவனுக்கு ஆரம்பம்தான் முக்கியம்னு சொல்வேன். இதுக்கு எனக்கு ஆரம்பம் அமையல. நேரா சொல்லிடறேன்.

கடுகு நர்ஸ் படிப்புக்கு எழுதிப் போட்டுட்டு இருந்தா. நாலு தடவை. நாலு தடவையும் இல்லைன்னு வந்துச்சு. யாருக்கும் தெரியாது, அவ அம்மாவுக்குக்கூடத் தெரியாது. என்கிட்ட மட்டும் சொல்லியிருந்தா. தினம் மத்தியானம் தபால்காரர் வர்ற நேரம் பாத்து, ஏதோ வேலையாப் போற மாதிரி கையில ஒரு காலி பாட்டிலை எடுத்துட்டு ரோட்டு முனைக்குப் போவா. வெறும் பாட்டிலோட திரும்பி வருவா.

அதை நான் எடைக் கொட்டகையில கதையாச் சொன்னேன். அவ நடந்து போறது, தபால்காரர் கையை விரிக்கறது, பாட்டிலைத் தலைகீழாப் பிடிச்சுட்டுத் திரும்பறது. எழுந்து நின்னு நடிச்சுக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க. இன்னொரு தடவைன்னு கேட்டாங்க. இன்னொரு தடவையும் காட்டினேன்.

மறுநாள்லருந்து தெருவுல அவ எங்க போனாலும், "என்ன கடுகு, தபால் வந்துச்சா?"ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. சின்னதுலருந்து பெரிசு வரைக்கும். ஒரு வாரம் பொறுத்தா. எட்டாம் நாள் சாயங்காலம் என்கிட்ட வந்து, "அப்பா, அது உங்க கதை இல்ல"ன்னா. நான், "அட, சிரிக்கத்தானே சொன்னேன்"ன்னேன். அதுக்கும் சிரிச்சேன்.

விடிஞ்சா இல்ல.

(தையல்காரன் எழுதுவது: அன்று கொட்டகையில் நானும் இருந்தேன். இன்னொரு தடவை என்று முதலில் கேட்டது நான்தான்.)

அம்மாவுக்கு உடம்பு சரியில்லங்கற வரியை எடுத்துடு. அந்த இடத்துல, உன் கதையை இனி யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு போடு. அவ்வளவுதான். மழை, ஜன்னல் ஒண்ணும் வேண்டாம்.

உன் அண்ணன்.


ஜூன் 15

அன்புள்ள அண்ணா, அண்ணிக்கு வணக்கம். உங்கள் கடிதத்தை வாசித்தேன். இதைச் சொல்வதற்கு நீங்கள் எடுத்துக்கொண்ட நேரம் எனக்குப் புரிகிறது. சொன்னதற்கு நன்றி.

நூலை அவிழ்த்தேன். கட்டியிருந்த எழுத்துகளில் மூன்றாவது வரியை மட்டும் இடுக்கியால் உருவி எடுத்துவிட்டுப் புதிய வரியைக் கோத்தேன். நான்காவது வரியிலும் கொஞ்சம் கைவைத்தேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது இப்படி இருக்கிறது:

*கடுகு!*
*யாரும் எதுவும் கேட்கமாட்டோம்.*
*உன் கதையை இனி யாரிடமும் சொல்லமாட்டேன்.*
*முடிந்தபோது வா.*
*— அப்பா*

ப்ரூஃப் அம்மா படித்துவிட்டு, "இப்பத்தான் சரியா இருக்கு" என்றார்கள். அவர்கள் வாயால் அப்படி ஒரு வார்த்தையை நாங்கள் யாரும் கேட்டதில்லை.

எனக்கு இப்போது வேலை கொஞ்சம் மாறியிருக்கிறது. நின்றுகொண்டே இருக்க வேண்டியதில்லை, உட்கார்ந்து செய்கிற வேலை. முழங்காலுக்கு நல்லது.

அன்புடன், தம்பி.


ஆகஸ்ட் 12

தம்பி, எப்படி இருக்கே? ரெண்டு மாசமா உன்கிட்டருந்து ஒரு வரி இல்ல. முழங்காலுக்கு என்ன? நீ முழங்கால் வலின்னு எனக்கு எழுதினதே இல்லையே. பக்கம் கட்டற வேலையை நின்னுட்டுத்தான் செய்யணும்னு நீதான் சொல்லியிருக்கே. அப்ப உட்காந்து செய்யற வேலை எது?

இங்க ஒரு சேதியும் இல்ல. கொட்டகையில கதை கேக்கறாங்க. அரசன், பூதம், நரின்னு சொல்லிட்டு இருக்கேன். செத்துப் போன ராஜாக்கள் யாரும் வீட்டை விட்டுப் போக மாட்டாங்க பாரு. தெருவுல தபால் வந்துச்சான்னு கேக்கறதையும் நிறுத்திட்டாங்க, தையல்காரர் வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டு வந்தார். இப்ப உன் அண்ணி மத்தியானம் ரோட்டு முனைக்குப் போறா. கையில ஒண்ணும் எடுத்துட்டுப் போறதில்ல, நேராப் போய் நிக்கறா.

அவ வராட்டியும், நீ எனக்குச் செஞ்சதை நான் மறக்க மாட்டேன். அஞ்சு வரியில அடங்கற மாதிரி என்னை ஒரு உண்மையைச் சொல்ல வெச்சியே, அதுக்கே.

உன் அண்ணன்.


செப்டம்பர் 4

அன்புள்ள அண்ணா, நலம். தாமதத்துக்கு மன்னியுங்கள்.

அந்த ஐந்து வரியை நேற்றுப் பிரித்துப் போட்டுவிட்டேன். ஒவ்வோர் எழுத்தாக அதனதன் அறையில். இனி அது தேவைப்படாது. பக்கத்தில் ஒருத்தி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் "க"வை மட்டும் நான் போடுகிறேன் என்று வாங்கிப் போட்டாள்.

வருகிற ஞாயிறு மத்தியான பஸ்ஸைப் பாருங்கள். யாரும் எதுவும் கேட்காதீர்கள். அச்சில் அப்படித்தான் போட்டிருக்கிறோம்.

அன்புடன், தம்பி.


செப்டம்பர் 15

தம்பி, என் ராசா, எப்படிடா இருக்கே? முழங்கால் எப்படி இருக்குன்னு கேக்க மாட்டேன், அந்தப் பொய் எனக்குத் தெரிஞ்சு போச்சு.

வந்துட்டா. மெலிஞ்சிருக்கா. உன் அண்ணி ரோட்டு முனையிலருந்து அவ பையைத் தூக்கிட்டு முன்னாடி வர்றா, இவ பின்னாடி வர்றா, ரெண்டு பேர் முகத்துலயும் ஒரே மாதிரி சிரிப்பு. நான் ஒண்ணும் கேக்கல. சத்தியமா. நாக்கைக் கடிச்சுட்டு அஞ்சு நாள் இருந்தேன். ஆறாம் நாள் அவளா ஒரு கவரை எடுத்து மேசையில கவுத்தா.

அவ்வளவும் நம்ம மேட்டர்டா! பத்தொன்பது துண்டு. சினிமா விளம்பரத்துக்கு அடியில, மழை அளவுக்கு அடியில, காணாமப் போன ஆட்டுக்குப் பக்கத்துல. தையல்காரர் தேதி படிக்கப் படிக்க நான் விரல் விட்டு எண்ணினேன். மார்ச்சுல தவறிப் போய் ஏறிடுச்சுன்னு நீ எழுதினதை நம்பிட்டு இருந்தேனே. அவ ஒரு ஆஸ்பத்திரியில துணி மடிச்சு அடுக்கற வேலையில இருந்திருக்கா. அங்க சாயங்காலம் உன் பத்திரிகை வரும். மொத பதினஞ்சைப் படிச்சுட்டுச் சிரிச்சுட்டு வெட்டி வெச்சிருக்கா. வரி மாறி வந்த பதினாறாவதைப் படிச்சுட்டு உட்காந்துட்டாளாம்.

நேரா இங்க வர பயந்துட்டு உன்கிட்ட வந்திருக்கா. வந்து பாத்தா, நீ ஒரு குட்டை ஸ்டூல்ல உட்காந்து, நேத்து வேலைக்குச் சேந்தவன் மாதிரி செத்த எழுத்தைப் பிரிச்சுப் போட்டுட்டு இருக்கே. ஒரே அறிவிப்பை ஏன் இத்தனை தடவை செருகினேன்னு மே மாசம் ஆசிரியர் கேட்டாராம். நீ, "நிக்கிற மேட்டர் சார், நிக்க வெச்சேன்"னியாம். அன்னைக்கே உன்னைப் பக்கம் கட்டறதுலருந்து எடுத்துட்டாங்களாம். அப்ப ஜூனுக்கு அப்புறம் யார்டா செருகினது? அந்தக் கண்ணாடிக்கார அம்மா, ப்ரூஃப் மேசையிலருந்து எழுந்து, புதுசாப் பக்கம் கட்டறவன் பக்கத்துல போய் நின்னு, "இங்க இதை வை"ன்னு நாலு தடவை வெச்சாளாமே. அவ கையைப் பிடிச்சு நான் ஒரு தடவை கும்பிடணும். கோபக்காரியா இருந்தா இருக்கட்டும்.

இதையெல்லாம் நீ ஒரு வரி எழுதலியேடா. உட்காந்து செய்யற வேலையாம், முழங்காலுக்கு நல்லதாம். நான் வாயைத் திறந்து கெடுத்ததை நீ வாயை மூடிச் சரி பண்ணியிருக்கே. இருபது வருஷ வேலைக்காரன் ஸ்டூல்ல உட்காந்தது எனக்காக. இதுக்கு நன்றின்னு ஒரு சொல் போதாது. தையல்காரர் ஒரு சட்டை தெச்சு அனுப்பறார், உன் அளவு அவருக்குத் தெரியாது, குத்துமதிப்பா வெட்டியிருக்கார், எப்படி இருந்தாலும் போட்டுக்கோ.

இன்னொரு விஷயம்டா, ரொம்ப சந்தோஷமான விஷயம். அந்த ஆஸ்பத்திரியில பெரிய நர்ஸம்மா ஒருத்தி இருக்கா. நம்ம கடுகு ஒருநாள் துணி அடுக்கிட்டு இருக்கும்போது அந்தம்மா உள்ள வந்து, ஒரு காகிதத்தை நீட்டி, என்ன சொன்னா தெரியுமா, அதைக் கேட்டு இவ அந்தத் துணிக் குவியல் மேலயே...

இரு. நம்ம வீட்டுத் திண்ணையில உட்காந்துதான் எழுதறோம், உள்ளருந்து கடுகு கூப்பிடறா.

"அப்பா, யார் கதை அது?"

"உன்னோடதுதாம்மா. சித்தப்பாவுக்குத்தான்..."

"சித்தப்பாவுக்கு நானே எழுதிக்கறேன். எழுந்து உள்ள வாங்க."

வரேன்மா, வந்துட்டேன். தம்பி, நான் ஒண்ணும் சொல்லல, தையல்காரர்தான் சாட்சி, ஆனா அவ எழுதற லெட்டரைப் படிச்சுட்டு நீ உடனே எனக்கு